குளத்தூர்ச் சீமையில் வழங்கும் குடிப்பெயர்கள்

தமிழ்நாட்டாருக்குக் குடிப்பெயர் என்பதொன்றில்லை, தந்தை பெயரின் முதலெழுத்தே அவர்களுக்குப் போதும் என்று கருதுவாருளர். நம் கம்பளத்தார் இல்லங்களில் வழங்கும் இண்டிப்பேரை அவர்கள் அறிந்திலர் போலும். குளத்தூரிலும் அதனைச் சூழ்ந்த கரிசற்காட்டுச் சிற்றூர்களிலும் பெண் கொள்ளுமிடத்தும் கொடுக்குமிடத்தும் முதற்கண் வினவப்படுவது அப்பெயரன்றோ? ஆயினும் வீட்டுக்குள் இத்துணை மதிப்புடைய அப்பெயர் வீட்டுக்கு வெளியே எழுத்தில் ஏறியது அரிது. ஆதலின், "எம் முன்னோர் இன்ன பாளையத்தார் வழி" என்று கூறும் குடும்பத்தாரை ஆதாரம் காட்டுமாறு ஒருவர் கேட்பின், பாட்டி சொன்ன கதையையன்றி வேறொன்றும் காட்ட இயலாமற் போகின்றது. பழைய தஸ்தாவேஜுகளில் ஒரு குடிப்பெயரைத் தேடிச் செல்வோர் எதனை நம்பலாம், எதனை நம்பலாகாது என்பதை நாடறிந்த இரண்டு பெயர்களைக் கொண்டு இங்கு ஆராய முற்படுகின்றோம். ஒன்று கட்டபொம்மு, மற்றொன்று எட்டப்பர். இரண்டும் நம்மவர் பெயர்கள். இரண்டும் இக்கரிசல் மண்ணில் ஓங்கியவை.

கட்டபொம்மு என்பது தெலுங்கில் வலிமையைக் குறிக்கும் 'கெட்டி' என்னுஞ் சொல்லோடு 'பொம்மு' சேர்ந்து 'கெட்டிபொம்மு' என வழங்கித் தமிழர் நாவில் திரிந்தது என்பர். பெல்லாரிச் சீமையிலிருந்து வந்து பாஞ்சாலங்குறிச்சியை நிறுவியவராகச் சொல்லப்படும் முதல்வரை ஆதி கட்டபொம்மு என்பது வழக்கு. இவை செவிவழிச் செய்திகள். இவற்றின்மேல் நாம் வாதாட வரவில்லை. எழுத்தில் கண்டதைப் பார்ப்போம். 1755ஆம் ஆண்டில் கர்னல் ஹெரானும் மாபூஸ்கானும் திருநெல்வேலிச் சீமைக்குப் படையொடு வந்த வரலாற்றை ராபர்ட் ஆர்ம் என்பார் எழுதி, அந்நூலின் முதற்பாகம் 1763இல் லண்டனில் அச்சாயிற்று. அதில் 'கட்டபொமிநாய்க்' என்றொரு பாளையக்காரர் வருகின்றார். நம் இளைஞர் சிலர் இதனைக் கண்டவுடன், வீரபாண்டிய கட்டபொம்மர் ஹெரானையே எதிர்த்தார் என்று எழுதிவிடுகின்றனர். அவர் பிறந்தது 1760இல் என்பதை ஒருகணம் எண்ணினாற் போதும். ஆர்ம் குறித்தவர் அவர்க்கு முன்னிருந்தவர் என்பது விளங்கும். குடிப்பெயர் ஆளுக்குரியதன்று, கத்தியைப் போலக் கைமாறுவது. பட்டத்தில் அமர்ந்தவர் எவரோ அவரே கட்டபொம்மு. எனவே பெயர் கிடைத்ததும் மகிழ்ந்து நின்றுவிடாமல், அப்பெயரோடு ஆண்டையும் சேர்த்துக் கட்டுவதே ஆராய்ச்சிக்கு முதற்படியாம். ஊமைத்துரையாரைப் பற்றித் தேடுவோர்க்கு இடர் வேறுவகையானது. அவரோடு பொருதி, 1830இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்ட வெல்ஷ் துரை முதலானோர் ஊரார் இட்ட அவ்விளிப்பெயராலேயே அவரைக் குறித்துச் சென்றனர்.

எட்டப்பர் என்னும் பெயர்க்கு எட்டயபுரத்தார் கூறும் காரணம் இனிமையானது. அவர் முன்னோர் ஒருவர் விஜயநகரத்தில் சோமன் என்னும் வீரனைக் கொன்றார். அதனால் ஆதரவிழந்த அவன் தம்பியர் எண்மரையும் தாமே பிள்ளைகளாய் ஏற்று வளர்த்தார். எண்மர்க்கு அப்பனானமையின் எட்டப்பன் எனப்பட்டார். 1879இல் வெளிவந்த 'வம்சமணி தீபிகை' அச்சமஸ்தானத்தின் சரித்திரத்தை விரித்துரைப்பது. அந்நூலைப் புதுக்கி நல்ல தமிழில் எழுதித் தருவதாகப் பாரதியார் 1919இல் எட்டயபுரம் அரசர்க்கு எழுதினார். அக்காரியம் கைகூடவில்லை, தமிழுக்கு அது நஷ்டமே.

அனாதைகளைக் காத்தமையாற் பிறந்ததாகச் சொல்லப்படும் அப்பெயர் இன்று காட்டிக் கொடுப்பவனுக்கு மறுபெயராய்ச் சந்தையிலும் மேடையிலும் இறைபடுகின்றது. 1949இல் ம. பொ. சிவஞானம் அவர்கள் எழுதிய நூலும், 1959இல் வந்த திரைப்படமும் கட்டபொம்மரின் புகழைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றன. அப்புகழ் பரவிய வழியிலேயே இவ்வசையும் பரவிற்று. தஸ்தாவேஜு என்ன சொல்லுகின்றது? 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மரைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மன், அதனைச் சென்னைக்கு அறிவித்து எழுதிய கடிதம் இருக்கின்றது. சாகுந் தறுவாயிலும் அவர் கலங்கவில்லை என்றும், கூடியிருந்த பாளையக்காரருள் இருவரை இகழ்ச்சியோடு பலகாலும் நோக்கினார் என்றும் பகைவனே அதில் எழுதுகின்றான். எட்டயபுரம் பாளையக்காரர் ஒருவர். சிவகிரிப் பாளையக்காரர் மற்றவர். கடிதத்தில் இருவர், மக்கள் நாவில் ஒருவரே. சிவகிரியார் தப்பினார், எட்டயபுரத்தார் அகப்பட்டார். அன்றியும், கடிதம் குறிப்பது அன்று பட்டத்திலிருந்த ஓர் ஆளை; உலகமோ அவர்க்கு முன்னும் பின்னும் அப்பெயர் தாங்கிய அத்தனை தலைமுறையையும் சேர்த்து ஏசுகின்றது. 1799இன் செயலை மறைக்க நாம் முயலவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக்கு எதிராகக் கும்பினிக்குத் துணை நின்றதும் உண்மை, அதற்குப் பரிசாக நிலம் பெற்றதும் உண்மை. ஆனால் 1904இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சேறத் துணை நின்ற ஜெகவீரராம வெங்கடேசுவரரும் எட்டப்பரே. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளை அந்நூலைக் கொண்டு கற்போர் அவரையும் துரோகி என்பரோ?

இனிக் குளத்தூருக்கு வருவோம். 1799இல் கும்பினியார் பறிமுதல் செய்த பாளையங்கள் ஆறு: பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர். ஆகவே 1803இல் எஞ்சிய பாளையக்காரர்க்கு ஜமீன் சன்னதுகள் வழங்கப்பட்டபோது குளத்தூர்ப் பாளையத்தார்க்கு அதில் இடமில்லை. ஜமீன் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "குளத்தூரில் பாளையக்காரரே இருந்ததில்லை" என்று துணிபவர் இதனை மறந்தவராவர். பெயர் இல்லாமை வமிசம் இல்லாமைக்குச் சான்றாகாது, பெயர் பறிக்கப்பட்டது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. புதுக்கோட்டைச் சீமையிலும் ஒரு குளத்தூர்ப் பாளையம் இருந்தது. தொண்டைமான் மரபின் ஒரு கிளையார் அதனை ஆண்டனர். அக்குளத்தூரின் செய்திகளை எடுத்து நம் குளத்தூருக்குச் சூட்டி மகிழ்வது பொருந்தாது.

தேடுவோர்க்கு வாயில்கள் பல உள. கும்பினிக் காலத்து ராணுவ, ரெவினியூ ஆலோசனைத் தொகுதிகளும் ஜில்லா ஏடுகளும் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவிலும் உள்ளன. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தவாறே எழுதினராகலின் கட்டபொம்முவைச் 'சி' எழுத்திலும் 'கே' எழுத்திலும் தேடவேண்டும். ஆள் பெயரால் தேடுவதினும் பாளையத்தின் பெயரால் தேடுவது நலம். எழுத்தர் ஆளை மறந்தாலும் வரி வரும் ஊரை மறக்கமாட்டார்! நம் ஊர்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கியது 1986இல்தான். அதற்கு முந்திய ஏடுகள் யாவும் திருநெல்வேலியின் பெயரால் உள்ளன.

சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் கர்னல் மெக்கன்சி திரட்டிய கைபீதுகளும் வம்சாவளிகளும் இருக்கின்றன. இவை நம்மவர் வாய்மொழியாய் இருத்தலின் படிக்கச் சுவையுடையன. எனினும் பாளையக்காரரின் உரிமை கேள்விக்குள்ளாகியிருந்த நாளில் எழுந்தவை அவை என்பதை மறவாமல், விண்ணப்பத்தைப் படிப்பதுபோற் படித்தல் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வேடுகள் இப்போது ஷோத்கங்கா என்னும் மின்களஞ்சியத்தில் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன. அங்கும் எச்சரிக்கை தேவை; கால்டுவெல் ஐயர் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தை ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுத்தால் சாட்சி பத்தாகிவிடாது, ஒன்றேயாம்.

எளிய குடும்பங்களின் பெயரோ இவ்வேடுகளில் அருகியே வரும். அவர்கள் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை ஒட்டிப் பட்டா வழங்க எழுதப்பட்ட பதிவேடுகளிலிருந்து பின்னோக்கிச் செல்வது தக்கது. அவற்றிற் காணும் பாட்டனார் பெயர்களையும், குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை பெறும் வீட்டாரின் வரிசையையும், வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கிரயச் சீட்டுகளையும் ஒன்றோடொன்று ஒத்திட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆண்டு குறித்து, இண்டிப்பேரையும் உடன் எழுதி அனுப்பும் அன்பர்களின் பட்டியலை நம் பத்திரிகையில் வெளியிடக் காத்திருக்கின்றோம்.