இறம்பொடைச் சாலையும் வாடகை வண்டிச் சாரதியும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் இறம்பொடைக் கணவாய் பழைமையும் அச்சமும் ஒருங்கே உடையதாகும். ஆளுநர் எட்வேட் பார்ண்ஸ் 1820களில் நுவரெலியாவை ஆங்கிலேயரின் உடல்நல உறைவிடமாக்க முற்பட்ட நாள்தொட்டு, 1885ஆம் ஆண்டிற் புகைவண்டி நானுஓயாவை எட்டும்வரை, மலைநாட்டுக்குரிய முதன்மை வழிகளுள் இஃது ஒன்றாய் விளங்கிற்று. மாட்டுக் கரத்தைகளும் குதிரை வண்டிகளும் ஊர்ந்த அதே வளைவுகளிற் பின்னர் மோட்டார் வண்டிகள் ஏறின. திருமணத்துக்கும், பேறுகாலத் தாயை நள்ளிரவில் மருத்துவமனை சேர்ப்பதற்கும், லயத்து மக்கள் நகரத்து வாடகைக் காரையே நம்பினர். வண்டியைப் பற்றிச் சட்டங்கள் பல பேசியுள்ளன. அதனைச் செலுத்தியவனோ அச்சட்டங்களில் ஓர் அனுமதிப்பத்திரத்தின் பெயராகவே பெரும்பாலும் காணப்படுகின்றான்.

இந்நோக்கு ஆங்கில நாட்டிலிருந்து வந்ததாகும். இலண்டன் மாநகரில் 1654ஆம் ஆண்டிற் குரொம்வெல்லின் ஆட்சி வாடகைக் குதிரை வண்டிகளை முந்நூறு என வரையறுத்தது. தெரு நெரிசலும் கட்டணமுமே ஆட்சியாளரின் கவலைகளாயிருந்தன. 1907இல் அந்நகரத்து வாடகை மோட்டார்களுக்குக் கட்டணமானி கட்டாயமாயிற்று. அதுவும் பயணியின் பணப்பையைக் காத்தற்கே. இலங்கையின் 1916ஆம் ஆண்டு வாகனக் கட்டளைச் சட்டமும், 1938ஆம் ஆண்டு மோட்டார் வண்டிக் கட்டளைச் சட்டமும், 1951ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டமும் இம்மரபின் வழித்தோன்றல்களே.

ஆயினும் அதே ஆங்கில நாட்டில் 1930ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு புதிய உண்மையை ஒப்புக்கொண்டது. பஸ், லொறிச் சாரதிகள் இடைவிடாது ஐந்தரை மணிநேரத்துக்கு மேலும், ஒரு நாளிற் பதினொரு மணிநேரத்துக்கு மேலும் வண்டி செலுத்துதலாகாது. பத்து மணிநேரம் தொடர்ந்து ஓய்வு பெறுதல் வேண்டும் என்றது அச்சட்டம். சாரதியின் உறக்கம் அவனது சொந்தக் காரியமன்று, சாலையிற் செல்வோர் யாவர்க்கும் உரிய காரியம் என்பது அதன் உட்பொருள்.

இலங்கையில் இக்கருத்து பஸ் வண்டியின் வழியாகவே ஓரளவு வேரூன்றியது. ஒரே சாலையிற் பல முதலாளிகளின் பஸ்கள் பயணிகளுக்காகப் போட்டியிட்டோடிய கேட்டினை 1942ஆம் ஆண்டின் அனுமதிச் சட்டம் தணித்தது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைக் கட்டளைச் சட்டத்தின்கீழ் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலுக்கும் ஒரு சபை அமைந்தது. 1958ஆம் ஆண்டு தை முதலாந் தேதி இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் சேவைகளை ஏற்றபொழுது, சாரதிக்கு மாதச் சம்பளமும், முறைவேலையும், உயர்வு வேண்டிப் போராடும் தொழிற்சங்க வலிமையும் வாய்த்தன. அச்சபையின் நட்டக் கணக்கை மட்டும் எடுத்துக்காட்டுவோர் இப்பேற்றை மறந்துவிடுகின்றனர்.

வாடகைக் கார்ச் சாரதிக்கோ இவை எட்டவில்லை. காரணம் எளிது. உடைமையாளருக்கு நாள்தோறும் குறித்த தொகையைக் கட்டி, எரிபொருட் செலவும் போக எஞ்சுவதே அவன் வருவாய். ஏட்டில் அவன் ஊழியனல்லன். ஆதலின் சம்பளச் சபையும் சேமலாப நிதியும் அவனைத் தீண்டா. காலை முதல் நண்பகல்வரை உடைமையாளருக்காகவும், அதன்பின்னரே தன் குடும்பத்துக்காகவும் ஓட்டுகின்றவனிடம் ஓய்வு நேரத்தைப் பற்றிச் சட்டம் என்னதான் சொல்லினும், அதனைக் கடைப்பிடிக்க அவனால் இயலுமா?

1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன. நாள் வசூலிலிருந்தே ஊதியம் பெறும் முறையும், 1942இல் தணிந்த ஓட்டப் போட்டியும் உடன் மீண்டன. முச்சக்கர வண்டிகளோ நாடெங்கும் பத்து இலட்சத்தைக் கடந்தன. தரிப்பிடந்தோறும் சாரதிகள் தாமே சங்கம் அமைத்து முறை வைத்து ஓடினர். அரசு வகுக்காத ஒழுங்கை அவர்கள் தாமே வகுத்துக்கொண்டமை பாராட்டற்பாலது, புதியவனை அவ்வொழுங்கு வெளியே நிறுத்தியதெனினும். 2015 முதல் கைத்தொலைபேசி வழியே வண்டி அழைக்கும் நிறுவனங்கள் கொழும்பிற் பரவியபொழுதும் அதே பழைய கேள்வி எழுந்தது: இவன் ஊழியனா, தனித் தொழிலனா? ஊபர் வழக்கில் அந்நிறுவனத்தின் சாரதிகள் தொழிலாளரே என ஐக்கிய இராச்சியத்தின் உச்சநீதிமன்றம் 2021ஆம் ஆண்டு மாசியில் தீர்ப்பளித்தது. குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் அதனால் அவர்கட்கு உரிமையாயின.

2025ஆம் ஆண்டு வைகாசி 11ஆம் தேதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற போக்குவரத்துச் சபைப் பஸ் ஒன்று இறம்பொடையை அடுத்த கெரண்டிஎல்லயிற் பள்ளத்தில் வீழ்ந்தது. இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அளவுக்கு மீறிய கூட்டம் அவ்வண்டியில் இருந்தது. அரசின் வண்டியாயினும் தனியார் வண்டியாயினும், இரவெல்லாம் ஓடி விடியற்கு முன்னர் இவ்வளைவுகளை அடைதல் எத்துணைக் கொடிது என்பதை மலைநாட்டார் அறிவர்.

1979ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் உடன்படிக்கை, இடைவிடாது நான்கு மணிநேரமும், நாளொன்றுக்கு ஒன்பது மணிநேரமுமே சாரதிக்கு எல்லையென வகுத்தது. கொழும்பிலிருந்து நள்ளிரவிற் புறப்பட்டு, இறம்பொடை அனுமன் கோவிலில் வழிபாடு முடித்து, நுவரெலியாவைச் சுற்றிக் காட்டி, அன்றிரவே திரும்பும் வாடகை வானின் சாரதி இவ்வெல்லையைத் திரும்புமுன்னரே கடந்துவிடுகின்றான். பயணிகள் விடுதியில் தங்கும் நாளிலும், ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்துப் பனியில், முன்னிருக்கையைச் சாய்த்து வண்டியினுள்ளேயே உறங்குகின்ற சாரதிகள் பலர். விடியலில் அவர்களே மீண்டும் அக்கணவாயில் இறங்குகின்றனர்.