போர்த்துகலில் தரைவழிப் போக்குவரத்து

போர்த்துகலில் தரைவழிப் போக்குவரத்து முதன்மையாகத் தொடருந்துப் பாதைகளையும் சாலைகளையும் சார்ந்துள்ளது. ஐபீரியத் தீவக்குறையின் மேற்குப் பகுதியில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் இந்நாட்டின் பெரிய நகரங்கள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே அமைந்துள்ளன. பிராகா, போர்ட்டோ, கோயிம்ப்ரா, லிஸ்பன், ஃபாரோ ஆகிய நகரங்களை வடக்கிலிருந்து தெற்காகச் செல்லும் தொடருந்துகள் இணைக்கின்றன. மாறாக, ஸ்பெயின் எல்லையை நோக்கிய உட்பகுதியில் பல பாதைகள் 1980களிலிருந்து மூடப்பட்டுவிட்டன. அங்கே பேருந்தும் காருமே பயன்படுகின்றன. முதன்முறையாக இந்நாட்டைச் சுற்றிப் பார்க்க வருவோர் பலர் நகரங்களுக்கு இடையே தொடருந்திலும், உட்பகுதியில் தாமே ஓட்டும் வாடகைக் காரிலும் பயணம் செய்வதற்கு இதுவே காரணமாகும்.

தொடருந்துப் பாதைகளின் வரலாறு

போர்த்துகலின் முதல் தொடருந்துப் பாதை 1856 அக்டோபர் 28 அன்று, மன்னர் ஐந்தாம் பெட்ரோவின் காலத்தில் திறந்துவைக்கப்பட்டது. இது லிஸ்பனில் இருந்து காரெகாடோ வரை ஏறத்தாழ 36 கி.மீ. நீளம் கொண்டது. வடக்கு நோக்கி நீட்டப்பட்ட இப்பாதை 1864 இல் போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் உள்ள வில நோவ த காயாவை எட்டியது. டோரோ ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கு குறுக்கே நின்றதால், 1877 இல் மரியா பியா பாலம் கட்டப்பட்ட பின்னரே தொடருந்துகள் போர்ட்டோவுக்குள் நுழைந்தன. குஸ்தாவ் ஈபெலின் நிறுவனம் கட்டிய இந்த இரும்பு வளைவுப் பாலம் 1991 வரை பயன்பாட்டில் இருந்தது. இன்று தொடருந்துகள் அருகிலுள்ள சாவோ ஜோவாவோ பாலத்தின் வழியே செல்கின்றன.

லிஸ்பனுக்குத் தெற்கே டேகஸ் ஆற்றின் அகன்ற கழிமுகம் இதைவிட நீண்ட காலம் தடையாக இருந்தது. தெற்கே செல்லும் பயணிகள் தெறெய்ரோ தோ பாசோ துறையில் படகேறி, எதிர்க்கரையில் உள்ள பரெய்ரோவில் தொடருந்தைப் பிடித்தனர். பயணச்சீட்டு விற்கப்பட்ட லிஸ்பன் கரை நிலையத்தில் தண்டவாளமே இல்லை. 1966 இல் திறக்கப்பட்ட ஏப்ரல் 25 தொங்கு பாலத்தின் கீழ்த்தளத்தில் 1999 இல் தண்டவாளம் அமைக்கப்பட்டது. அதன் பின்னரே தலைநகரிலிருந்து ஆற்றைக் கடந்து நேராகத் தெற்கே தொடருந்தில் செல்வது இயன்றது.

போர்த்துகலின் முதன்மைப் பாதைகள் ஸ்பெயினைப் போலவே 1668 மி.மீ. அகலம் கொண்ட ஐபீரிய அகலப் பாதைகள் ஆகும்.

மூடப்பட்ட பாதைகள்

வடகிழக்கு மலைப் பகுதியில், டோரோ பாதையிலிருந்து தமேகா, கோர்கோ, துவா, சாபோர் ஆகிய துணையாறுகளின் பெயரால் நான்கு மீட்டர் அகலப் பாதைகள் பிரிந்து சென்றன. அவற்றில் ஒன்றும் இன்று டோரோவுடன் இணைந்து இயங்கவில்லை. சாபோர் பாதை 1988 இலும், கோர்கோ, தமேகா பாதைகளில் எஞ்சியிருந்த பகுதிகள் 2009 இலும் நிறுத்தப்பட்டன.

துவா பாதை 1906 இல் பிரகான்சா நகரை அடைந்தது. மிரண்டேலாவுக்கு அப்பால் இதன் சேவை 1991 இன் இறுதியில் நிறுத்தப்பட்டது. 1992 அக்டோபரில் ஓர் இரவில், பிரகான்சா நிலையத்தில் எஞ்சியிருந்த வண்டிகள் காவல்துறையின் பாதுகாப்புடன் சரக்குந்துகளில் ஏற்றி அகற்றப்பட்டன. அப்பகுதி மக்கள் இதனைக் களவு நடந்த இரவாக நினைவுகூர்கின்றனர். பாதையின் கீழ்ப்பகுதியில் அடுத்தடுத்து நேர்ந்த விபத்துகளுக்குப் பின் 2008 இல் போக்குவரத்து நின்றது. பின்னர் கட்டப்பட்ட அணையின் நீர்த்தேக்கத்தில் அப்பகுதி மூழ்கியது. இன்று பிரகான்சா, வில ரெயால், விசேயு ஆகிய மாவட்டத் தலைநகரங்களுக்குத் தொடருந்து கிடையாது.

டோரோ பாதையும் முழுமையாக எஞ்சவில்லை. 1887 இல் இது பார்க த ஆல்வா வழியாக ஸ்பெயினுடன் இணைந்தது. ஸ்பெயின் தன் பகுதியை 1985 இல் மூடியது. போசின்யோவுக்கும் எல்லைக்கும் இடைப்பட்ட பகுதி 1988 இல் மூடப்பட்டது. எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: 2009 இல் மூடப்பட்ட கொவில்யா–குவார்தா பகுதி சீரமைக்கப்பட்டு 2021 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

தற்போதைய சேவைகள்

பெரும்பாலான பயணிகள் தொடருந்துகளை அரசுக்குச் சொந்தமான கொம்போயோஸ் த போர்த்துகல் நிறுவனம் இயக்குகிறது. தண்டவாளங்களையும் நிலையங்களையும் பராமரிக்கும் பொறுப்பு வேறொரு அரசு நிறுவனத்திடம் உள்ளது. சேவைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. அல்ஃபா பெண்டுலார்: 1999 இல் தொடங்கப்பட்ட விரைவு வண்டி. வளைவுகளில் பெட்டி சாய்ந்து செல்லும். உச்ச வேகம் மணிக்கு 220 கி.மீ. லிஸ்பன்–போர்ட்டோ பயணத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும்.
2. இண்டர்சிடாடெஸ்: கூடுதல் நிலையங்களில் நிற்கும் நகரிடை வண்டி. எவோரா, குவார்தா போன்ற உட்பகுதி நகரங்களுக்கும் செல்கிறது.
3. வட்டார வண்டிகள்: டோரோ, அல்கார்வ் போன்ற பாதைகளில் சிறு நிலையங்களை இணைப்பவை.
4. புறநகர் வண்டிகள்: லிஸ்பன், போர்ட்டோ ஆகியவற்றின் சுற்றுப்புறங்களில் இயங்குபவை. சிண்ட்ரா, கஷ்காய்ஷ் ஆகிய இடங்களுக்கு இவற்றிலேயே செல்ல வேண்டும்.

முதலிரு வகைகளில் இருக்கை எண்ணுடன் முன்பதிவு கட்டாயமாகும். முன்கூட்டியே வாங்கினால் குறைந்த கட்டணச் சீட்டுகள் கிடைக்கும். 65 வயது நிறைந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம் மட்டுமே. வட்டார, புறநகர் வண்டிகளில் இருக்கை ஒதுக்கீடு இல்லை. பணியாளர் வேலைநிறுத்தங்கள் அவ்வப்போது நிகழ்வதால், விமானம் பிடிக்க வேண்டிய நாளில் நெடுந்தொலைவுத் தொடருந்தை மட்டும் நம்பியிருப்பது இடர் தரக்கூடும்.

லிஸ்பனுக்கும் மாட்ரிட்டுக்கும் இடையே ஓடிய இரவுத் தொடருந்தும், பிரான்ஸ் எல்லையில் உள்ள ஆந்தே வரை சென்ற சூத் எக்ஸ்பிரசும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அதன் பின்னர் அவை மீண்டும் தொடங்கப்படவில்லை. போர்ட்டோவுக்கும் ஸ்பெயினின் வீகோவுக்கும் இடையே நேரடித் தொடருந்து உண்டு. எல்லை கடப்போர் போர்த்துகல் நேரம் ஸ்பெயின் நேரத்தை விட ஒரு மணி பின்தங்கியது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

நிலையங்கள்

ஒரே நகரில் பல நிலையங்கள் இருப்பது புதியவர்களைக் குழப்பக்கூடியது. லிஸ்பனில் வடக்கே செல்லும் வண்டிகள் சாந்தா அப்போலோனியாவிலிருந்து புறப்பட்டு ஓரியென்ட் வழியாகச் செல்கின்றன. தெற்கே செல்பவை சாந்தா அப்போலோனியாவுக்கு வருவதில்லை. அவற்றுக்கு ஓரியென்ட் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். சிண்ட்ரா வண்டிகள் ரொசியோவிலிருந்தும், கஷ்காய்ஷ் வண்டிகள் காய்ஷ் தோ சொத்ரேயிலிருந்தும் புறப்படுகின்றன. போர்ட்டோவில் நெடுந்தொலைவு வண்டிகள் கம்பன்யா நிலையத்தில் நிற்கும். நகர மையத்தில் உள்ள சாவோ பெந்தோவுக்கு அங்கே வண்டி மாற வேண்டும். 1916 இல் திறக்கப்பட்ட சாவோ பெந்தோவின் முன்கூடம், ஓவியர் ஜோர்ஜ் கொலாசோ வரைந்த ஏறத்தாழ 20,000 ஓடுகளால் அணிசெய்யப்பட்டது.

பெயரை நம்பி ஏமாறக்கூடிய இடங்களும் உள்ளன. பாத்திமா என்னும் பெயருடைய தொடருந்து நிலையம், அதே பெயரிலுள்ள மரியன்னை திருத்தலத்திலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது.

சாலைகள்

போர்த்துகலில் வாகனங்கள் சாலையின் வலப்புறமாகச் செல்கின்றன. 1928 வரை இடப்புறமாகச் சென்றன. அவ்வாண்டில் நிகழ்ந்த மாற்றம், இடப்புறம் ஓட்டும் நாடுகளுக்கு அருகிலிருந்த கோவா போன்ற குடியேற்றங்களில் நடைமுறைக்கு வரவில்லை. உச்ச வேக வரம்பு ஊர்ப் பகுதிகளில் மணிக்கு 50 கி.மீ., வெளிச்சாலைகளில் 90 கி.மீ., விரைவுச்சாலைகளில் 120 கி.மீ. ஆகும். இரத்தத்தில் மதுவின் அளவு லிட்டருக்கு 0.5 கிராமை எட்டினால் குற்றமாகும். உரிமம் பெற்று மூன்று ஆண்டுகள் நிறையாதோருக்கு இவ்வரம்பு 0.2 கிராம். 2014 முதல், ரவுண்டானாவில் முதல் வழியிலேயே வெளியேறாதவர்கள் வெளிப்புறத் தடத்தைப் பயன்படுத்தக் கூடாது.

பெரும்பாலான விரைவுச்சாலைகளில் சுங்கம் வசூலிக்கப்படுகிறது. லிஸ்பன்–போர்ட்டோ ஏ1 சாலையில் சுங்கச்சாவடிகள் உள்ளன. ஏப்ரல் 25, வாஸ்கோ ட காமா ஆகிய பாலங்களில் லிஸ்பனுக்குள் வரும்போது மட்டுமே கட்டணம் உண்டு. உட்பகுதிகளின் வளர்ச்சிக்காகக் கட்டணமின்றிக் கட்டப்பட்ட சாலைகளில் 2010, 2011 ஆம் ஆண்டுகளில் மின்னணுச் சுங்கம் விதிக்கப்பட்டது. பணம் செலுத்தச் சாவடியே இல்லாததால் வெளிநாட்டவர் பெரிதும் தடுமாறினர்; தொடருந்தை இழந்த ஊர்களுக்கு இது கூடுதல் சுமையாகவும் அமைந்தது. அல்கார்வின் ஏ22, உட்பகுதியின் ஏ23, ஏ24, ஏ25 உள்ளிட்ட பல சாலைகளில் இக்கட்டணம் 2025 சனவரி 1 முதல் நீக்கப்பட்டது. வேறு சில சாலைகளில் மின்னணுச் சுங்கம் தொடர்கிறது. அதனால் வாடகைக் காரில் அதற்கான கருவி பொருத்தப்பட்டுள்ளதா என்று கேட்டறிவது பயனுள்ளது.

வாடகைக் கார்

வாடகைக் கார்களில் கையால் கியர் மாற்றும் வகையே பரவலாக உள்ளது. தானியங்கி வகைக்குக் கூடுதல் கட்டணம் ஆவதுண்டு. ஐரோப்பிய ஒன்றிய உரிமங்கள் அப்படியே ஏற்கப்படுகின்றன. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வருவோர் தம் உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் கொண்டுசெல்வது நல்லது. காரை ஸ்பெயினுக்குக் கொண்டுசெல்ல, நிறுவனத்தின் அனுமதியை முன்னரே பெற வேண்டும். எரிபொருள் நிலையத்தில் காசோலினா என்பது பெட்ரோலையும், காசோலியோ என்பது டீசலையும் குறிக்கும். ஒலியில் நெருங்கிய இவ்விரு சொற்களும் தவறுக்கு இடமளிக்கக் கூடியவை.

பயணத் திட்டமிடல்

லிஸ்பன், போர்ட்டோ நகரங்களின் பழைய பகுதிகள் குறுகலான, செங்குத்தான தெருக்களைக் கொண்டவை. சிண்ட்ராவின் பழைய நகரப் பகுதியில் கார்களுக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. இவ்விடங்களில் கார் பயனைவிடச் சுமையே தருகிறது. அதனால் நகரங்களைப் பார்த்து முடித்து வெளியேறும் நாளில் காரைப் பெறுவதே ஏற்றது.

தொடருந்தில் எளிதில் சென்றடையக்கூடிய இடங்கள்: பிராகா, கோயிம்ப்ரா, அவெய்ரோ, தோமார், எவோரா, ஃபாரோ, லாகோஸ். கார் அல்லது பேருந்து தேவைப்படும் இடங்கள்: உலகப் பாரம்பரியக் களங்களான பத்தாலியா, அல்கோபாசா மடாலயங்கள், நசாரே கடற்கரை, அலென்தேஜோவின் மொன்சராஸ், மர்வாவோ கோட்டை ஊர்கள், ஐரோப்பாவின் தென்மேற்கு முனையில் உள்ள சாக்ரெஸ்.

டோரோ பள்ளத்தாக்கு இரு வழிகளிலும் காணத்தக்கது. 2001 இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இத்திராட்சை மலைச்சரிவுகளை, போர்ட்டோவிலிருந்து போசின்யோ வரை ஏறத்தாழ 170 கி.மீ. செல்லும் தொடருந்திலிருந்து பார்க்கலாம். பாதை முதலில் வடகரையை ஒட்டிச் செல்வதால், போர்ட்டோவிலிருந்து போகும்போது ஆறு வலப்புறம் தெரியும். பின்யாவோவைக் கடந்து ஃபெர்ராடோசாவில் பாதை தென்கரைக்கு மாறிய பின் இடப்புறம் தெரியும். துவா, சாபோர் பள்ளத்தாக்குகளுக்குள் செல்ல இன்று சாலை மட்டுமே உண்டு.

மொழி

நிலையங்களில் பார்த்தீடா என்பது புறப்பாட்டையும், ஷெகாடா என்பது வருகையையும் குறிக்கும். சாலையில் போர்த்தாஜெம் என்பது சுங்கம். வேறு இரு சொற்கள் தமிழருக்குப் புதியவை அல்ல. தொடருந்தின் ஓர இருக்கை இருப்பது ஜனெலா பக்கம். வாடகைக் கார் நிறுவனத்தில் தருவது சாவ். தமிழில் வழங்கும் ஜன்னல், சாவி ஆகிய சொற்கள் போர்த்துக்கேய மொழியின் இவ்விரு சொற்களிலிருந்தே வந்தவை ஆகும்.