முதலூர்: அல்வாவுக்கு முன்னால் ஒரு கதை

போன வாரம் ஓ.பி. முடியும் நேரம். மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் அம்மா ஒருவர், மஸ்கோத் அல்வா பொட்டலம் ஒன்றை என் மேஜையில் வைத்தார்.

"உங்களுக்குத்தான் டாக்டர். நான் ஒரு துண்டுகூட தொடல" என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

நம்பினேன். அடுத்த மாத ரிசல்ட் உண்மையைச் சொல்லிவிடும்.

பொட்டலத்தின் மேல் "முதலூர்" என்று போட்டிருந்தது.

"முதலூர்னா என்னம்மா அர்த்தம்?"

"முதல் ஊரு டாக்டர். எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான் சொல்லுவாங்க."

எதில் முதல்? அன்று நைட் டியூட்டியில் கேஸ் குறைவு. தேடிப் படித்தேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலூர், தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம் பக்கம் இருக்கிறது. செம்மண் தேரியும் பனைமரமும் உள்ள பூமி. திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்கென்று உருவான முதல் ஊர் என்பதால் அந்தப் பெயர். வருடம் 1799.

ஆனால் கதை அதற்கும் இருபது வருடம் முன்பே பாளையங்கோட்டையில் தொடங்குகிறது.

தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்தி பிராமணப் பெண் ஒருவர். கணவர் இறந்ததும் சிதையில் ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று சொல்வார்கள். அவரோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, திருமணம் செய்யாமல் வாழ்வதைக் காரணம் காட்டி மிஷனரி ஸ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். பிறந்த சமூகத்தில் இனி இடமில்லை. நம்பிப் போன இடத்திலும் கதவு திறக்கவில்லை. நம்மில் பலர் அதோடு விட்டிருப்போம்.

அவர் விடவில்லை. அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல் அதே ஸ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பெயர் கிளாரிந்தா.

இதில் முக்கியமான விஷயம், அங்கே அப்போது நிரந்தரமாகத் தங்கிய மிஷனரி யாரும் இல்லை. தனக்குத் தெரிந்ததை அக்கம்பக்கத்தில் சொன்னவர் கிளாரிந்தாதான். 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள். முதல் பெயர் அவருடையது. 1785-ல் ஒரு கோயிலும் கட்டி முடித்தார். ஊர்க்காரர்கள் அதை "பாப்பாத்தியம்மாள் கோயில்" என்றார்கள். பாளையங்கோட்டையில் இன்றும் இருக்கிறது.

அங்கே ஊழியத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து அனுப்பப்பட்டவர் சத்தியநாதன் என்ற தமிழர். 1790-ல் குருப்பட்டம் பெற்றார். அன்று அவர் செய்த பிரசங்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து லண்டனில் அச்சிட்டார்கள்.

இப்போது முதலூருக்கு வருவோம்.

சாத்தான்குளம் பக்கம் காலன்குடியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர். அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட, இன்றைய நாடார் சமூகம். ஊரை விட்டுக் கிளம்பி அலைந்து தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தார். அங்கே கிறிஸ்தவராகி டேவிட் சுந்தரானந்தம் ஆனார்.

தஞ்சாவூரிலேயே இருந்திருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் திரும்பி வந்தார். சொந்தக்காரர்களிடமே பேசினார். 1797-ல் சில குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றன. உடனே எதிர்ப்பு கிளம்பியது. அடி விழுந்தது, வீடுகளும் ஜெபக்கூடமும் தாக்கப்பட்டன. சொந்த ஊரில் இருக்க முடியாத நிலை.

அதனால்தான் 1799-ல் தனியாக நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அதுதான் முதலூர்.

"நிலத்துக்குப் பணம் கொடுத்தது வெள்ளைக்காரன்தானே?" என்று கமெண்ட் வரும். ஆமாம், ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரி உதவினார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணம் நிலத்தை மட்டும்தான் வாங்கியது. நேற்று வரை கூடப் பனையேறியவர்களின் கோபத்தை எதிர்கொண்டு அங்கே வாழ்ந்தவர்கள் இவர்கள்தான். டேவிட் இளவயதிலேயே இறந்தார். விஷம் வைத்துவிட்டார்கள் என்பது அந்த மக்களின் நம்பிக்கை.

1802-ல் சில மாதங்களுக்குள் 5000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலான கட்டுரைகள் இந்த எண்ணிக்கையோடு முடிந்துவிடும். ஒரு மருத்துவராக எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் பட்டது.

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் கொள்ளைக் காய்ச்சல். ஆயிரக்கணக்கில் சாவு. கம்பெனி அரசு மருத்துவர் குழு போட்டு விசாரித்தது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காரணம் என்று எழுதினார்கள். விட்டு விட்டு வரும் காய்ச்சல் என்ற விவரத்தைப் படித்தால் மலேரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடிக்க 1897 ஆக வேண்டியிருந்தது.

காரணம் தெரியாது. பழைய சாமியை விட்டதால் வந்த தண்டனை என்று பயந்து பலர் திரும்பிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது பெற்றவர்கள் எதையும் செய்வார்கள். வார்டில் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் எல்லோரும் போகவில்லை.

1816-ல் ஜேம்ஸ் ஹாஃப் என்ற ராணுவச் சாப்ளின் பாளையங்கோட்டைக்கு வந்தார். பல வருடங்களாக மிஷனரி நிரந்தரமாகத் தங்காத சீமை. எதுவும் மிஞ்சியிருக்காது என்றுதானே நினைப்போம்? 63 இடங்களில் சுமார் 3100 கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஆபிரகாம் என்ற ஒரே ஒரு தமிழ்க் குருவும் சில உபதேசிமார்களும்தான்.

அந்த 3100 பேரில் பெரும்பாலோரின் பெயர் யாருக்கும் தெரியாது. இரவில் விளக்கு வைத்து நாலு பேருக்கு வாசித்துக் காட்டியவர், காய்ச்சல் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஜெபம் செய்தவர், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த தாய் என்று யாராவது இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருடத்தில் எல்லாம் கரைந்து போயிருக்கும்.

கொரோனா தடுப்பூசி நேரத்தில் எங்கள் கிராம சுகாதார செவிலியர் ஒருவரின் முகத்துக்கு நேரே, அவருடைய சொந்தத் தெருவிலேயே கதவைச் சாத்தினார்கள். நான் மீட்டிங்கில் பேசிவிட்டு ஜீப் ஏறிவிடுவேன். அவர் மறுநாள் அதே தெருக் குழாயில், அதே ஆட்களோடு தண்ணீர் பிடிக்க வேண்டும். அப்படியும் மறுபடி போய்க் கதவைத் தட்டினார். எனக்கு அந்தத் தைரியம் தேவைப்படவே இல்லை என்பது அன்றுதான் புரிந்தது.

கடல் தாண்டி வந்த மிஷனரிக்கும் தைரியம் உண்டு. ஆனால் தான் நம்புவதை வாழும் ஊரிலேயே சொல்லிவிட்டு, அங்கேயே பயமில்லாமல் வாழ்வது வேறு ரகம். கிளாரிந்தாவுக்கும் டேவிட்டுக்கும் அந்தப் பெயர் தெரியாதவர்களுக்கும் இருந்தது அதுதான்.

மதமாற்றம் சரியா தவறா என்ற சண்டைக்காக இதை எழுதவில்லை. எந்த நம்பிக்கையில் இருப்பவரும் இந்த மனிதர்களுக்கு ஒரு வணக்கம் வைக்கலாம் என்பதற்காகத்தான்.

அடுத்த மாதம் அந்த அம்மா வந்தால் முதல் ஊரின் கதையைச் சொல்ல வேண்டும். கூடவே ஹெச்.பி.ஏ.1.சி. டெஸ்டும் எழுதிக் கொடுக்க வேண்டும்.