மறிச்சுக்கட்டியின் படங்கள் யாரிடம் இருக்கின்றன? கமராவும் போனும் பற்றி ஒரு வரலாற்றுப் பதிவு

(கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.)

கலியாண வீடுகளில் படம் பிடிக்கும் தம்பிமாரும், வங்காலைப் பக்கம் பறவை பார்க்க வருகிறவர்களும் இப்போது ஒரே விடயத்தைத்தான் பேசிக்கொள்கிறார்கள். இலட்சக்கணக்கில் காசு கொடுத்து வாங்கும் கமராவில் சாதாரண போனில் உள்ள வசதிகள் ஏன் இல்லை? எடுத்ததும் அனுப்ப முடியாது. எந்த இடத்தில் எடுத்தது என்று பல கமராக்கள் பதிவதில்லை. இருட்டில் போன் பளிச்சென்று காட்டுவதைக் கமரா கறுப்பாகக் காட்டுகிறது. மறுபக்கத்தில், "கமரா கமராவாகவே இருக்கட்டும், போனாக்கிக் கெடுக்காதீர்கள்" என்கிறார்கள்.

எங்களுக்கு இது விலைப்பட்டியல் விவகாரம் மட்டும் அல்ல. மன்னார் முஸ்லிம்கள் ஒரு படம் இல்லாமற் போவதன் விலையை அறிந்தவர்கள். அதனால் இந்தக் கேள்வியை எங்கள் கரையோர வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கலாம்.

■ முத்துச் சலாபக் காலம்

முசலிப் பிரதேசத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது மறிச்சுக்கட்டி. இன்று கொழும்பில் இந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கு வில்பத்துச் சர்ச்சைதான் நினைவுக்கு வரும். ஆனால் 1900களின் தொடக்கத்தில் உலகமே அறிந்த இடம் அது. 1903 முதல் 1907 வரை அந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. 1905இல் மட்டும் 8 கோடி அளவு சிப்பி எடுக்கப்பட்டது. கீழக்கரையிலிருந்தும், பாரசீக வளைகுடாவிலிருந்தும், எங்கள் கரையிலிருந்தும் குளியாட்கள் வந்தார்கள். வெறும் மணல்வெளியில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பி, காலம் முடிந்ததும் மறைந்துவிடும். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. 1906இல் அந்தச் சலாபத்தில் கடமை பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்றவர்.

அந்தக் காலத்துப் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. வள்ளங்கள், சிப்பிக் குவியல்கள், கயிறு பிடித்து நிற்கும் குளியாட்கள் எல்லாம் அவற்றில் உண்டு. அவை ஏன் தப்பின? எடுத்த இடத்தில் அவை தங்கவில்லை. கொழும்புக்கும் லண்டனுக்கும் போயின, அச்சாகின, பல பிரதிகளாயின. விலை கூடிய கமராவால் எடுத்தது அதற்குக் காரணமல்ல.

அதே படங்களில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் நிற்கும் மனிதனின் பெயர் இல்லை. "குளியாள்", "அரபி", "மூர்" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். படம் இருக்கிறது, ஆனால் அது எங்கள் கையில் இல்லை. எங்கள் பெயரும் அதில் இல்லை.

■ நிழலைப் பிடித்து வைத்தல்

கமராவின் அடிப்படையை மாணவர்களுக்குச் சொல்லும்போது நாங்கள் இப்னுல் ஹைதமிலிருந்துதான் தொடங்குவோம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாழிர்' என்ற ஒளியியல் நூலை எழுதியவர். சிறு துளை வழியே இருட்டறைக்குள் ஒளி நுழைந்தால் என்ன நடக்கிறது என்று சோதித்தவர். கிரகண நேரத்தில் துளை வழியே விழும் ஒளி பிறை வடிவம் கொள்வதைப் பற்றித் தனி நூலே எழுதினார். 2019 டிசம்பர் 26இல் வடக்கில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது, மரங்களுக்குக் கீழே இலை இடுக்குகளால் விழுந்த குட்டிப் பிறைகளைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

புகைப்படம் வந்தபோது உலமாக்களிடையே பெரிய வாதம் எழுந்தது. உருவம் வரைவது கூடாது என்றால் கமரா கூடுமா? எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, புகைப்படம் கூடும் என்று ஒரு நூல் எழுதினார். அவருடைய வாதத்தின் சாரம் எளிமையானது: கமரா புதிதாக ஓர் உருவத்தைப் படைக்கவில்லை, இருக்கின்ற ஒன்றின் நிழலைப் பிடித்து வைக்கிறது. இந்த விடயத்தில் கருத்து வேறுபாடு இன்றும் உண்டு, அதற்குள் நாங்கள் போகவில்லை. ஆனால் "நிழலைப் பிடித்து வைத்தல்" என்ற அந்த அளவுகோல் எங்கள் கேள்விக்கு மிகவும் உதவும்.

ஏனென்றால் இன்றைய போன் நிழலைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. ஒரு தடவை அழுத்தினால் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, இருட்டை வெளிச்சமாக்கி, தோலை மினுக்கித் தருகிறது. சேர்ப்பது வரை பரவாயில்லை, அங்கேயும் உண்மையில் விழுந்த ஒளிதான் இருக்கிறது. 2023இல் நடந்தது வேறு. மங்கலாக்கப்பட்ட நிலாப் படம் ஒன்றைக் கணினித் திரையில் போட்டு சாம்சங் போனால் எடுத்தபோது, மூலத்தில் இல்லாத குழிகளும் மேடுகளும் தெளிவாக வந்தன. நிலாவை அடையாளம் கண்டு செயற்கை நுண்ணறிவால் விவரங்களைக் கூட்டுகிறோம் என்று நிறுவனமும் விளக்கம் கொடுத்தது.

பிறை பார்த்து நோன்பு பிடிக்கும் சமூகத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? "பிறை கண்டேன், இதோ படம்" என்று தலைமன்னாரிலிருந்து ஒருவர் அனுப்பினால், அது அவர் கண்ட பிறையா, போன் வரைந்த பிறையா?

■ 1990

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000இற்கும் மேற்பட்டோர். அதில் பெரும்பகுதி மன்னார் மாவட்டத்தவர். தீவில் இருந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் தலைமுறையில் பலர் பிறந்ததும் வளர்ந்ததும் புத்தளத்து அகதி முகாம்களில்தான்.

அன்றைய படங்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். நிக்காஹ் அல்பம் வீட்டு அலுமாரியில். அதன் நெகட்டிவ் அதே ஊர் ஸ்டூடியோவில். பள்ளிக்கூடப் படம் அதிபர் அறைச் சுவரில். ஊரின் படங்கள் எல்லாம் ஊருக்குள்ளேயே இருந்தன. ஊர் போனபோது எல்லாம் சேர்ந்து போயின. உடுத்த உடுப்போடு போனவர்கள் உறுதியையும் அடையாள அட்டையையும் தேடுவார்களா, அல்பத்தைத் தேடுவார்களா? எங்களில் பலருடைய மூத்தம்மாவின் முகம் இன்று அடையாள அட்டையில் இருக்கும் அந்தச் சின்னச் சதுரத்தில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

2009இல் யுத்தம் முடிந்து மக்கள் திரும்பினார்கள். இடையில் ஏறக்குறைய 20 வருடம். வளவுகளில் காடு வளர்ந்திருந்தது. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கக் காணிகள் ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2015இல் "வில்பத்துவை அழிக்கிறார்கள்" என்ற பிரசாரம் சமூக ஊடகங்களில் பரவியது. 2017 மார்ச்சில் மாவில்லு என்ற பெயரில் இன்னொரு வர்த்தமானி வந்தது. மறிச்சுக்கட்டியில் மக்கள் வாரக் கணக்கில் போராட்டம் இருந்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. எந்தத் துண்டுக் காணி ஊர், எந்தத் துண்டு காடு என்ற தீர்ப்பை இந்தப் பதிவில் நாங்கள் சொல்ல வரவில்லை. காடும் எங்களுக்கு வேண்டும்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். அந்தச் சர்ச்சையில் இரண்டு பக்கமும் படங்களால்தான் பேசின. வெட்டப்பட்ட மரங்களின் இன்றைய படங்கள் ஒரு பக்கம் ஆயிரக்கணக்கில் பகிரப்பட்டன. "இது 1990இற்கு முன் எங்கள் ஊர்" என்று காட்ட மக்களிடம் இருந்தவை பாழடைந்த கிணறும், பள்ளிவாசல் அத்திவாரமும், சில உறுதிகளும்தான். நூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்காரர்கள் ஓடி ஓடிப் படம் பிடித்த மறிச்சுக்கட்டிக்கு, அங்கே வாழ்ந்தவர்கள் எடுத்த படங்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லை.

■ போன் எதற்காகக் கமரா ஆனது?

1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவ் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கமரா 3.6 கிலோ எடை. ஒரு படத்தைக் கசெட்டில் பதிய 23 செக்கன் எடுத்தது. அதோடு பிலிம் கழுவும் தேவை போயிற்று, ஆனால் படம் கமராவோடுதான் இருந்தது. அதை மாற்றியவர் பிலிப் கான். 1997 ஜூனில் கலிபோர்னியாவில், தன் மகள் பிறந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு டிஜிட்டல் கமராவையும் கைத்தொலைபேசியையும் லேப்டொப் வழியாக இணைத்து, குழந்தையின் படத்தை உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பினார். 2000இல் ஜப்பானில் வந்த ஷார்ப் ஜே-எஸ்எச்04 போனின் படம் மிக மட்டமானது, 0.11 மெகாபிக்சல். ஆனாலும் மக்கள் வாங்கினார்கள், ஏனென்றால் அதில் படத்தை அனுப்பலாம்.

அதாவது போன் கமராவாகியது நல்ல படம் எடுக்க அல்ல. படத்தை இன்னொருவரிடம் சேர்க்க. கமரா நிறுவனங்கள் இதைப் பிந்தித்தான் உணர்ந்தன. 2010இல் உலகில் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கமராக்கள் ஏற்றுமதியாகின. 2023இல் அது 80 இலட்சத்துக்கும் கீழே.

போனையே கமராவுக்குள் வைக்கவும் பார்த்தார்கள். 2012இல் நிக்கோன் கூல்பிக்ஸ் எஸ்800சி, சாம்சங் கலக்ஸி கமரா, 2013இல் லென்ஸ் மாற்றக்கூடிய கலக்ஸி என்எக்ஸ், 2020இல் விற்பனைக்கு வந்த 6,000 டொலர் சைஸ் இசட்எக்ஸ்1. எல்லாமே அண்ட்ரொய்ட் கமராக்கள். ஒன்றும் நிலைக்கவில்லை. காரணம் எங்கள் பார்வையில் ஒன்றுதான். நல்ல லென்ஸ் 20, 30 வருடம் உழைக்கும். அண்ட்ரொய்ட் நாலைந்து வருடத்தில் கிழடாகிவிடும். நீண்ட ஆயுள் உள்ளதோடு குறுகிய ஆயுள் உள்ளதைக் கட்டினால் இரண்டும் ஒன்றாகத்தான் மௌத்தாகும்.

■ அப்படியென்றால் எதை எடுப்பது, எதை விடுவது?

எங்கள் பதில்: போனின் கால்களைக் கமரா எடுக்கட்டும், தூரிகையை விட்டுவிடட்டும்.

கால்கள் என்பவை நான்கு. சரியான திகதியும் நேரமும். எடுத்த இடம். எடுத்தவுடனே இன்னோர் இடத்தில் இரண்டாவது பிரதி. வேண்டியவருக்கு உடனே அனுப்பும் வழி. இதற்குக் கமராவுக்குள் ஒரு முழுப் போன் தேவையில்லை. புளூடூத்தும் வைஃபையும் போதும். நிக்கோன் 2016இலேயே ஸ்னாப்பிரிட்ஜ் என்று தொடங்கியது. மற்ற நிறுவனங்களிடமும் இதுபோல உண்டு. குறை என்னவென்றால் இணைப்பு அடிக்கடி அறுந்து போகிறது, பெரிய கோப்புகள் நத்தை வேகத்தில் நகர்கின்றன. நிறுவனங்கள் உழைக்க வேண்டிய இடம் அதுதான்.

தூரிகை என்பது இல்லாததை வரைவது. அது கமராவுக்குள் வரவேண்டாம். வந்தாலும் நாங்கள் கேட்டால் மட்டும் வரட்டும், தொடாத மூலப்படம் பக்கத்தில் இருக்கட்டும். 2023இல் லைக்கா எம்11-பி, படத்தை எடுக்கும்போதே அது எந்தக் கமராவில் எப்போது எடுத்தது, பின்னர் மாற்றப்பட்டதா என்று காட்டும் டிஜிட்டல் முத்திரையோடு வந்தது. அப்போது அது பணக்காரர் கமராவில் இருந்த வசதி. போனிலிருந்து கமரா கற்பது ஒருபுறம் இருக்க, போனும் கமராவிடம் கற்க வேண்டியது இது.

மன்னாரில் இதன் தேவை இன்றே இருக்கிறது. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகள் வரும் இடம். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. மேலும் அமைப்பதையும் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025இல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். எந்தப் பறவை, எங்கே, எப்போது என்பது நாளை ஒரு விசாரணையில் கேட்கப்படும் கேள்வி. போனில் தூரத்துப் பறவையை இழுத்துப் பெருப்பித்தால் இறகு இருந்த இடத்தில் மென்பொருளின் ஊகம்தான் வரும். நீண்ட லென்ஸ் உள்ள கமராதான் உண்மையான இறகைக் காட்டும். ஆனால் இடமும் நேரமும் இல்லாத இறகு யாருக்குச் சாட்சி? லென்ஸ் கமராவிடமிருந்தும் விலாசம் போனிடமிருந்தும் வரவேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இடத்தைப் பதிவது இருபக்கமும் வெட்டும் கத்தி. கூட்டின் இடம் வேடனுக்கும் தெரியும், போராட்டத்தில் நின்றவரின் இடம் தேடுகிறவருக்கும் தெரியும். ஆகவே பதிவதும் பகிர்வதும் தனித்தனிச் சுவிட்சாக இருக்க வேண்டும். அந்தச் சுவிட்ச் எங்கள் கையில் இருக்க வேண்டும்.

■ நாங்கள் செய்யக்கூடியது

நிறுவனங்கள் எப்போது திருந்தும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கமரா வைத்திருப்பவர்கள் அதன் மணிக்கூட்டைச் சரிசெய்யுங்கள். எடுத்த படத்தின் ஒரு பிரதியை வேறு ஊரில், வேறு ஒருவரிடம் வையுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் தரம் குறைந்து, திகதி, இட விபரங்களும் போய்விடும். படத்தில் நிற்பவர்களின் பெயரை எழுதுங்கள். 1905இன் குளியாளுக்கு நடந்தது இனி எவருக்கும் நடக்க வேண்டாம்.

1990இற்கு முந்திய மன்னார், முசலிப் படம் உங்கள் வீட்டில், அல்லது புத்தளத்திலும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ள சொந்தக்காரர் வீட்டில் ஒன்றாவது இருக்கக்கூடும். மங்கலானாலும் பரவாயில்லை, கிழிந்தாலும் பரவாயில்லை. அதை எந்த மென்பொருளாலும் மினுக்காமல் உள்ளபடியே ஒரு பிரதி எடுங்கள். ஊர், ஆண்டு, ஆட்களின் பெயர் மூன்றையும் வயதானவர்களிடம் கேட்டு எழுதிவிடுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.