எட்டிய ஊசியும் எட்டாத ஊசியும்: அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கான தடுப்பூசித் திட்டங்கள், 1932–2021

அமெரிக்காவில் கோவிட் தடுப்பூசி போடும் பணி 2020 டிசம்பர் 14 அன்று தொடங்கியது. முதல் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 1.29 கோடிப் பேர் போட்டுக்கொண்டனர். அவர்களில் பாதிப் பேருக்கே இன விவரம் பதிவாகியிருந்தது. அந்தப் பாதியில் கறுப்பினத்தார் 5.4 விழுக்காடு. நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 13 விழுக்காடு. முதல் சுற்று மருத்துவப் பணியாளருக்கும் முதியோர் இல்லத்தாருக்கும் உரியது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், மறுபாதியின் விவரம் இல்லாதது பெரிய ஓட்டை. ஊசி யாரை எட்டவில்லை என்று தெரியாமல் அடுத்த மையத்தை எங்கே திறப்பது?

இந்த இடைவெளிக்கு அப்போது உடனே சொல்லப்பட்ட காரணம் தயக்கம். அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது டஸ்கீகி ஆய்வு. டஸ்கீகி நகரம் அமைந்துள்ள அலபாமாவின் மேக்கன் மாவட்டத்தில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் கண்டிருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோயின் போக்கை மட்டும் அரசின் பொதுச் சுகாதாரத் துறை கவனித்து வந்தது. பெனிசிலின் வழக்கத்துக்கு வந்த பின்னும் அது நிற்கவில்லை. அவநம்பிக்கைக்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. ஆனால், 1915இல் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் கறுப்பினத்தாருக்கான சுகாதார வாரத்தைத் தொடங்கியதும் அதே டஸ்கீகியிலிருந்துதான். 1953இல் போலியோ தடுப்பூசிச் சோதனைக்கு வேண்டிய ஹீலா என்னும் மனித செல்களைப் பெருமளவில் வளர்த்து அனுப்பியதும் அங்கிருந்த கறுப்பின விஞ்ஞானிகளே. தயக்கத்தைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவது அரிது.

தயக்கம் ஒன்றே காரணமல்ல என்பதற்கு என் பார்வையில் நல்ல சான்று தட்டம்மை. 1989–91இல் அந்நோய் சுமார் 55,000 பேரைத் தாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நகரங்களின் ஏழைப் பகுதிகளில் ஊசி போடப்படாத கறுப்பின, ஹிஸ்பானியக் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டனர். காப்பீடு இல்லாத குழந்தையைத் தனியார் மருத்துவர் அரசு மையத்துக்கு அனுப்புவார். அந்த அலைச்சலில் பல ஊசிகள் விட்டுப்போயின. 1993இல் சட்டமாகி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த திட்டம், ஏழைக் குழந்தைகளுக்கான இலவச மருந்தை அந்த மருத்துவரிடமே கொண்டுசேர்த்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தட்டம்மை ஊசியில் இன இடைவெளி ஏறக்குறைய மறைந்தது. அதற்குள் டஸ்கீகியை யாரும் மறந்துவிடவில்லை. மாறியவை விலையும் இடமும்தான்.

இந்தப் பாடம் 2020இல் கைவசம் இருந்தது. சமூக நலிவை அளக்கும் சமூகப் பாதிப்புக் குறியீடு உயர்ந்த பகுதிகளுக்கு முன்னுரிமை தரலாம் என்று தேசிய அறிவியல் கழகங்களின் குழு அக்டோபரில் பரிந்துரைத்தது. டிசம்பரில் மத்திய அரசின் ஆலோசனைக் குழு தந்த வழிகாட்டுதலோ, மருத்துவப் பணியாளருக்கு அடுத்த வரிசையில் முன்களப் பணியாளரோடு 75 வயது கடந்தோரை வைத்தது. நடுநிலையாகத் தோன்றும் வரம்பு இது. 2020இன் முதல் பாதியில் கறுப்பினத்தாரின் சராசரி ஆயுட்கால எதிர்பார்ப்பு 72 ஆண்டுகளாகச் சரிந்திருந்தது என்பதை அருகில் வைத்தால் அது யாருக்குச் சாதகமானது என்று விளங்கும்.

முன்பதிவு இணையவழி என்றானதும் சிக்கல் கூடியது. தலைநகர் வாஷிங்டனில் கறுப்பினத்தார் மிகுந்த 7, 8ஆம் வட்டங்களில் நோயின் சேதம் கடுமையாக இருந்தும், தொடக்க முன்பதிவுகளில் வசதியான வட்டத்தினரே முந்திக்கொண்டனர். நகர நிர்வாகம் பிறகு அஞ்சல் குறியீட்டின்படி இடம் ஒதுக்கியது. டல்லாஸ் மாவட்டமும் 2021 ஜனவரியில் அதையே செய்ய முயன்றது. ஒதுக்கீட்டைக் குறைப்போம் என்று டெக்சஸ் மாநில அரசு எச்சரித்ததும் பின்வாங்கியது.

பிலடெல்பியாவில் வழி வேறு. குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆலா ஸ்டான்ஃபர்ட் 2020 ஏப்ரலில் கறுப்பின மருத்துவர்களைத் திரட்டி, தேவாலய வாகன நிறுத்தங்களில் கோவிட் பரிசோதனை நடத்தத் தொடங்கியிருந்தார். நகர நிர்வாகமோ முதல் பெரிய தடுப்பூசி மையத்தை அனுபவமற்ற இளைஞர் குழு ஒன்றிடம் ஒப்படைத்து, 2021 ஜனவரி முடிவதற்குள் அதனுடன் உறவை முறித்துக்கொண்டது. அடுத்த மாதம் ஸ்டான்ஃபர்ட் குழு டெம்பிள் பல்கலைக்கழக அரங்கில் 24 மணி நேரம் இடைவிடாமல் ஊசி போட்டது. முன்பதிவு இல்லை, அதிகம் பாதிக்கப்பட்ட அஞ்சல் குறியீடுகளில் வசிப்போர் நேரே வரலாம். சுமார் 4,000 பேர் போட்டுக்கொண்டனர். அதே ஆண்டு அக்டோபரில் அக்குழு வடக்கு பிலடெல்பியாவில் நிரந்தர மருத்துவ மையம் ஒன்றைத் திறந்தது.