திருகோணமலையும் பல்கலைக்கழகமும்: ஒரு கோரிக்கையின் வரலாறு

ஈழத்தமிழரின் உயர்கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1974இலேயே தொடங்குவர். யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்ட ஆண்டு அது. எனினும் 1950களின் பிற்பகுதியிலிருந்தே தமிழ்ப் பல்கலைக்கழகமொன்று திருகோணமலையில் அமைதல் வேண்டுமென்ற கோரிக்கை ஓர் இயக்கமாகவே நிலவிற்று. அக்கோரிக்கை யாரை மனத்திற்கொண்டு எழுந்தது, யாரை மறந்தது என்பதை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

தமிழரசுக் கட்சியின் புகழ்பெற்ற மாநாடு 1956 ஆகஸ்டில் திருகோணமலையிற் கூடியமை தற்செயலன்று. வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் துறைமுக நகரென இதனை அக்கட்சி கண்டது. 'தமிழ் பேசும் மக்கள்' என்று அது வழங்கிய தொடரில் முஸ்லிம்களும் மலையகத் தமிழரும் அடங்கினர். மறுபுறம், யாழ்ப்பாணத்தில் இந்துப் பல்கலைக்கழகமொன்றை நிறுவ வேண்டுமென்ற குரலும் ஒலித்தது. இரண்டையும் ஒப்புநோக்கின், மொழியை அடிப்படையாகக் கொண்ட திருகோணமலைக் கோரிக்கையே அகன்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு தொடருக்குள் அடக்கப்படுதல் வேறு, தலைமையிற் பங்கு பெறுதல் வேறு. மூதூரின் முஸ்லிம் விவசாயிக்கு அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சியில் என்ன இடம் என்னும் வினா அக்காலத்திற் பெரிதும் எழுப்பப்படவில்லை. அதே மாவட்டத்தில் வாழ்ந்த சிங்கள மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதேயில்லை.

'தமிழர் நலன்' என்பது ஒரே திரட்சியான பொருளன்று என்பதைப் பல்கலைக்கழக அனுமதி வரலாறு காட்டிற்று. 1971இல் பேராதனைப் பொறியியற் கல்விக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளியும் சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளியும் பெறவேண்டியிருந்தது. இது வெளிப்படையான அநீதி. ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டினால் யாழ்ப்பாணம் இழந்தபோது, திருகோணமலை போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர் பயன் பெற்றனர். யாழ்ப்பாணத்தின் குறையே தமிழர் அனைவரதும் குறையென எழுதியோர் இதனைக் கண்டும் காணாதார் போன்றிருந்தனர்.

1974 அக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவரானார். சிங்கள மாணவரும் அங்குச் சேர்க்கப்பட்டனர். அது மூன்றாண்டே நீடித்தது. 1977 கலவரத்தின்போது அவர்கள் வெளியேறினர்.

கிழக்கின் கதை இன்னும் கசப்பானது. 1981இல் வந்தாறுமூலையில் தொடங்கிய மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990இன் வன்செயல்களின் பின்னர் முஸ்லிம் மாணவர் அங்குச் சென்று கற்றல் அரிதாயிற்று. அதன் விளைவே 1995இல் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி. ஒரே மொழியைப் பேசும் இரு சமூகங்கள் இரு நிறுவனங்களைத் தேடிக்கொண்டன. தலைமைப் பதவியும் துப்பாக்கிக்குத் தப்பவில்லை. 2006 செப்டெம்பரில் கலைப் பீடாதிபதி கடத்தப்பட்டுத் துணைவேந்தர் பதவி விலக வேண்டுமென வற்புறுத்தப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பர் 15இல் துணைவேந்தர் சி. இரவீந்திரநாத் கொழும்பிற் காணாமற் போனார். நிருவாகத்திற் பன்மைத்துவம் பேசுவோர் முதலில் அறியவேண்டிய நிகழ்ச்சி இதுவே என்பது எமது கருத்து.

திருகோணமலைக்கோ 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியொன்று கிடைத்தது. 2001இல் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. கோரப்பட்டது முழுப் பல்கலைக்கழகம். வந்தது ஒரு கிளை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 30 வீதத்தைச் சற்றே கடந்தோர், சிங்களவர் காற்பங்கினும் சிறிது மிகுதியானோர். எவரும் பெரும்பான்மையர் அல்லர். கிழக்கின் ஏனைய இரு நிறுவனங்கள் ஒவ்வொரு சமூகத்தின் பெயரால் அறியப்பட, இங்கு மட்டும் அவ்வாறு பெயர் சூட்டுதல் எளிதன்று.

இவ்வளாகத்துக்கான முடிவுகள் நூறு கிலோமீற்றருக்கு அப்பால், வந்தாறுமூலைப் பேரவையிலும் மூதவையிலும் எடுக்கப்படுகின்றன. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி வளாக முதல்வரும் பீடாதிபதிகளும் பதவிவழியாகப் பேரவையில் அமர்வர். வெளியுறுப்பினரை மானியங்கள் ஆணைக்குழு கொழும்பிலிருந்து நியமிக்கும். கல்வி, வணிகம், கைத்தொழில், விஞ்ஞானம், நிருவாகம் முதலிய துறைகளிற் சிறந்த சேவை புரிந்தோரை அச்சட்டம் வேண்டுகின்றது. மீனவர், விவசாயி, துறைமுகத் தொழிலாளி ஆகியோரின் அனுபவம் அந்நிரலில் இடம்பெறவில்லை.