சலவை இயந்திரத்தின் அடியில் தண்ணீர் கசிகிறதா? ஆளைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

சலவை இயந்திரத்தின் அடியில் தண்ணீர் தேங்கினால், தரை வீட்டில் அது துடைத்து முடிக்கிற வேலை. அடுக்குமாடி வீட்டில் அதே தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் கறையாக இறங்கி, அண்டை வீட்டாரோடு மனக்கசப்பாகி, நிர்வாக அலுவலகம் வரை போய்விடும். இத்தனைக்கும் பல கசிவுகளுக்குக் காரணம் தேய்ந்துபோன ஒரு ரப்பர் வாஷர் அல்லது அடைத்துக்கொண்ட ஒரு வடிகட்டிதான். எங்கே கசிகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் மின்சாரம், பிறகுதான் தண்ணீர்

தரை ஈரமாக இருக்கும்போது இயந்திரத்தைத் தொடக்கூடாது. காய்ந்த இடத்தில், காலில் ரப்பர் செருப்புடன் நின்று, காய்ந்த கையால் சுவிட்சை நிறுத்தி பிளக்கை உருவ வேண்டும். பிளக் இருக்கும் இடமே நனைந்திருந்தால் வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்துவதே பாதுகாப்பு. அதன் பிறகு தண்ணீர்க் குழாயை மூடலாம்.

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. பெட்டியில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் உடனே மின் ஊழியரைக் கூப்பிட வேண்டும். இயந்திரத்தைப் போட்டவுடன் அது மீண்டும் மீண்டும் விழுந்தால், திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுத் துவைக்கக்கூடாது. இயந்திரத்துக்குள் ஈரம் மின்சாரத்தைத் தொட்டிருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது.

கசியும் நேரமே துப்பு

இயந்திரத்தின் அடியில் பழைய நாளிதழை விரித்துவிட்டுக் காத்திருந்தால், முதலில் நனையும் இடம் தெரிந்துவிடும். அதோடு, எந்த நேரத்தில் கசிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இயந்திரம் ஓடாதபோதும் கசிந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால், குழாயிலிருந்து வரும் ஹோஸில்தான் கோளாறு. அதன் இரு முனைகளையும் காய்ந்த டிஷ்யூ தாளால் சுற்றிப் பார்த்தால் தெரியும். ஹோஸின் மறைக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் கல்லுப்போல இறுகியிருந்தால் புதியதை மாற்ற வேண்டும். பலர் இங்கே வெள்ளை டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்குவார்கள். ஆனால் இந்த இணைப்பில் தண்ணீரை அடைப்பது வாஷர்தான்; டேப் சுற்றினாலும் கசிவு நிற்காது. கையால் இறுக்கினாலே போதும். இடுக்கியால் முறுக்கினால் பிளாஸ்டிக் மறை வெடித்துவிடும்.

தண்ணீர் நிரம்பும்போது முன்பக்கமாக வழிந்தால், சவர்க்காரத் தூள் போடும் பெட்டியைப் பார்க்க வேண்டும். கட்டிப்போன தூள் வழியை அடைத்திருக்கும். பெட்டியை வெளியே இழுத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினால் சரியாகிவிடும்.

துவைக்கும்போது நுரையோடு வழிந்தால், தூள் அதிகமாகியிருக்கலாம். கையால் துவைக்கும் தூளை முன்கதவு இயந்திரத்தில் போட்டால் நுரை பொங்கி வெளியே வரும். துணியும் தூளும் இல்லாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து, கசியாவிட்டால் குற்றவாளி நுரைதான். அப்போதும் கசிந்தால், கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும். சேலையில் குத்திய ஊக்கு, பள்ளிச் சட்டையின் பெயர்ப்பட்டி, சில்லறைக் காசு ஆகியவை அங்கே சிக்கி ரப்பரைக் கிழிக்கும். கிழிந்த ரப்பருக்குப் பசை நிற்காது; மாற்றத்தான் வேண்டும்.

தண்ணீரை வெளியேற்றும்போது கசிந்தால், முன்கதவு இயந்திரத்தின் கீழ்மூலையில் உள்ள வடிகட்டி மூடியைப் பார்க்க வேண்டும். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுத்திருந்து, தட்டு ஒன்றை வைத்து, மெதுவாகத் திருகித் திறக்க வேண்டும். காசு, நூல், முடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மூடியைக் கோணலில்லாமல் நேராகப் பொருத்தி மூட வேண்டும். மறை மாறி ஏறினால் அங்கிருந்தே கசியும்.

இயந்திரம் நன்றாக இருந்து, தரையில் உள்ள வடிகால் துவாரம் அடைத்திருந்தாலும் தண்ணீர் பொங்கி வழியும். ஒரு வாளித் தண்ணீரை அதில் வேகமாக ஊற்றினால் உண்மை தெரிந்துவிடும்.

இரட்டைத் தொட்டி இயந்திரம் வைத்திருப்போருக்கு

தோட்டப்புறங்களிலும் பழைய தாமான்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இரட்டைத் தொட்டி இயந்திரங்களுக்குத் தனித் தொல்லைகள் உண்டு. அடிப்பாகம் திறந்திருந்தால் எலி நுழைந்து, தண்ணீர் வெளியேறும் ஹோஸைக் கடித்துவிடும். மின்கம்பியையும் அது விட்டுவைப்பதில்லை. ஆகவே ஹோஸில் பல் தடம் தெரிந்தால், கம்பிகளையும் பார்க்காமல் பிளக்கைச் செருகக்கூடாது.

துணி பிழியும் தொட்டியின் அடியில் சொட்டினால், அதன் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்திருக்கும். அந்தத் தண்ணீர் நேராக மோட்டார் மீது விழக்கூடும். பழுதுபார்க்கும் வரை அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தக்கூடாது.

தண்ணீர் விநியோகம் தடைபட்ட பிறகு

விநியோகம் திரும்பியவுடன் குழாயில் மண்ணும் காற்றும் கலந்து வருவது பலருக்கும் பழக்கமான ஒன்று. அந்த மண், இயந்திரத்துக்குள் தண்ணீரை விடும் வால்வில் சிக்கினால் வால்வு முழுதாக மூடாது. இயந்திரம் நிறுத்தியிருந்தாலும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறி, கடைசியில் வழிந்துவிடும். எனவே வேறொரு குழாயைத் திறந்து, தண்ணீர் தெளியும்வரை ஓடவிட்ட பிறகே துவைக்க வேண்டும். ஹோஸ் சேரும் இடத்தில் உள்ள சிறிய வலையையும் எடுத்துக் கழுவலாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்

பிழியும்போது சரளைக் கல்லை உருட்டுவது போன்ற சத்தமும், நடு அடியில் துருக் கலந்த தண்ணீரும் வந்தால் உள்ளே பேரிங் போய்விட்டது. தொட்டி விரிசல், வால்வு, பம்ப் ஆகியவையும் வீட்டில் செய்கிற வேலையல்ல. பழுதுபார்ப்பவர் வந்ததும், எப்போது கசிகிறது, தெளிந்த தண்ணீரா சவர்க்காரத் தண்ணீரா என்பதைச் சொன்னால் தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவு குறையும். கட்டணத்தை முதலிலேயே கேட்டு, கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லி, ரசீது வாங்க வேண்டும். ரசீது இருந்தால், தகராறு வரும்போது மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் புகார் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை.

கீழ்வீட்டுக் கூரை நனைந்தால்

அடுக்குமாடி வீடுகளுக்கான 2013 ஆம் ஆண்டு ஸ்டிராட்டா நிர்வாகச் சட்டம் (சட்டம் 757), கூரையில் கசிவு தெரிந்தால் அதற்குக் காரணம் மேல்வீடே என்று முதலில் கொள்கிறது. இல்லை என்று நிரூபிக்கும்வரை அந்த அனுமானம் நிற்கும். புகார் கிடைத்த 7 நாட்களுக்குள் நிர்வாகத் தரப்பு வந்து சோதிக்க வேண்டும். மேல்வீட்டார் கதவைத் திறந்து சோதனைக்கு வழிவிட வேண்டும். கசிவு மேல்வீட்டிலிருந்துதான் என்று உறுதியானால் அதைச் சரிசெய்யும் பொறுப்பும் அவர்களுடையதே.

ஆனால் கடிதம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கீழ்வீட்டார் வந்து சொன்னதுமே குழாயை மூடிவிட்டு, கீழே இறங்கிப் போய்க் கூரையைப் பார்த்து, எப்போது சரியாகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும்.

துவைத்து முடித்ததும் தண்ணீர்க் குழாயை மூடுவதும், இயந்திரத்தை ஓடவிட்டு வெளியே கிளம்பாமல் இருப்பதும் செலவில்லாத பழக்கங்கள். ஹோஸ் வெடித்தாலும் ஆள் இருக்கும்போது வெடித்தால் ஒரு வாளித் தண்ணீரோடு போகும். பூட்டிய வீட்டில் வெடித்தால் கீழ்வீடும் சேர்ந்து நனையும்.